சமையலறையைப் புதுப்பிக்க: நாமே ஆள் வைத்துச் செய்வதா, கான்ட்ராக்டரிடம் விடுவதா? முழுமையான வழிகாட்டி

பழைய வீட்டுச் சமையலறையை மாற்ற வேண்டும் என்று பேச்சு எடுத்ததுமே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "தெரிஞ்ச கொத்தனார் இருக்கார், நாமளே ஆள் வெச்சு முடிச்சுடலாம்" என்பது ஒரு கட்சி. "அலைச்சலே வேண்டாம், மொத்தமா கான்ட்ராக்டர்கிட்ட விட்டுடலாம்" என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தாம்பரம் பக்கத்தில் 1990களில் கட்டிய எங்கள் வீட்டில், எட்டுக்குப் பத்து சமையலறையை நாங்களே தனித்தனியாக ஆள் வைத்து மாற்றினோம். மூன்று வருடம் கழித்து என் தம்பி கோயம்புத்தூரில் தன் ஃப்ளாட்டின் சமையலறையைக் கான்ட்ராக்டரிடம் கொடுத்தான். இரண்டிலும் நல்லது நடந்தது, இரண்டிலும் பணமும் கொஞ்சம் வீணானது. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊரில் "நாமே செய்வது" என்றால் நாமே கரணை பிடித்து டைல்ஸ் ஒட்டுவது என்று யாரும் நினைப்பதில்லை. கொத்தனார், பிளம்பர், எலெக்ட்ரீஷியன், ஆசாரி, பெயின்டர் என்று ஒவ்வொருவரையும் நாமே பேசி, பொருளை நாமே வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று வேலை வாங்குவதுதான் அது. அதாவது மேஸ்திரி வேலையை நாம் எடுத்துக்கொள்கிறோம். இதற்கும் முழுக் கான்ட்ராக்டுக்கும் நடுவில் லேபர் கான்ட்ராக்ட் என்று ஒரு வழி இருக்கிறது. ஆட்களை மேஸ்திரி கொண்டுவருவார், பொருள் நம்முடையது. பலருக்கும் பொருந்துவது இந்த நடுவழிதான், ஆனால் பேச்சில் இது வருவதே இல்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. மாடுலர் கிச்சன் விற்கும் கடைகள் பெரும்பாலும் கபோர்டையும் அதற்கான கதவு, சேனல், கூடைகளையும்தான் செய்து பொருத்துகிறார்கள். பழைய மேடையை உடைப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் இழுப்பது, டைல்ஸ் போடுவது பல இடங்களில் அவர்கள் விலைக்குள் வராது. "கிச்சன் முழுக்க அவங்க பாத்துப்பாங்க" என்று நினைத்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அப்புறம் கொத்தனாரைத் தேடி ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

படி 1: ஒரு வாரம் பாருங்கள், எழுதுங்கள்

ஆளைத் தேடுவதற்கு முன் ஒரு வாரம் சமையலறையைக் கவனியுங்கள். அங்கே அதிக நேரம் நிற்பவர் யாரோ அவர் சொல்வதுதான் பட்டியல். எங்கள் வீட்டில் அம்மா சொன்ன முதல் குறை எனக்குத் தோன்றியதே இல்லை: "மேடை உயரம் ஜாஸ்தி, காய் நறுக்குனா தோள்பட்டை இழுக்குது." நான் யோசித்துவைத்திருந்ததெல்லாம் கபோர்டு நிறம்.

மேடை உயரத்துக்கு எளிய கணக்கு உண்டு. சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்கினால் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மேடையின் மேல்மட்டம் இருக்க வேண்டும். ஐந்தடி இரண்டங்குலம் உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 33 அங்குலம் வரும். மேடையின் அகலம் இரண்டடி என்பது வழக்கம். ஆனால் சுவரை ஒட்டித் தண்ணீர் ஃபில்டர், மசாலா டப்பா எல்லாம் நிற்கும் வீடு என்றால் இன்னும் இரண்டு அங்குலம் சேர்த்துக்கொள்வது நல்லது.

பட்டியலில் "என்ன வேண்டும்" என்று எழுதுவதைவிட "என்ன தொந்தரவு" என்று எழுதுங்கள். சிங்க்குக்குக் கீழே கரையான். மிக்ஸியும் இண்டக்ஷனும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போகிறது. கிரைண்டரைத் தூக்கி வைக்க முடியவில்லை. புகை போக வழியில்லை. இப்படி எழுதிப் பார்த்தால், பாதி வீடுகளில் முழுச் சமையலறையையும் உடைக்கவே தேவையில்லை என்று தெரியவரும். கபோர்டு கதவும் வயரிங்கும் மட்டும் மாற்றினால் போதும் என்றால் கான்ட்ராக்டர் கேள்வியே எழாது. நல்ல ஆசாரி ஒருவர், நல்ல எலெக்ட்ரீஷியன் ஒருவர், அவ்வளவுதான்.

படி 2: சுவருக்குள் என்ன இருக்கிறது?

ஒரு தாளில் சமையலறையை வரையுங்கள். நாலு சுவரையும் தனித்தனியாக, எதிரில் நின்று பார்ப்பதுபோல. அதில் நீலத்தில் தண்ணீர்க் குழாய், சிவப்பில் வயர், பச்சையில் கேஸ், கறுப்பில் கழிவு நீர். இந்தப் படம் உங்கள் முடிவைப் பாதி சொல்லிவிடும்.

நீங்கள் நினைக்கும் மாற்றத்தில் கறுப்புக் கோடு நகரவில்லை என்றால் வேலை எளிது. சிங்க்கை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும், தரையை உடைக்க வேண்டும், வெளியே இருக்கும் சேம்பருடன் (கழிவு நீர் சேரும் தொட்டி) புதிதாக இணைக்க வேண்டும். அடுக்குமாடியில் இது பல நேரம் கீழ்வீட்டுக் கூரையில் போய் முடியும். வாஸ்துவுக்காக சிங்க்கையும் அடுப்பையும் இடம் மாற்ற நினைப்பவர்கள் நிறைய. நம்பிக்கை அவரவருடையது, அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுப்பை நகர்த்துவதும் சிங்க்கை நகர்த்துவதும் செலவில் ஒன்று கிடையாது. அடுப்பை மட்டும் நகர்த்திக் காரியம் முடியுமா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் சுவர். சமையலறையையும் ஹாலையும் திறந்த அறையாக்க நடுச்சுவரை எடுக்க வேண்டும் என்றால், அங்கேயே நின்றுவிடுங்கள். தூணும் உத்தரமும் உள்ள கான்கிரீட் சட்டக் கட்டடத்தில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் பெரும்பாலும் எடையைத் தாங்குவதில்லை. பழைய தனி வீடுகளிலோ ஒன்பது அங்குலச் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். இதைத் தட்டிப் பார்த்தோ, "நான் நிறைய எடுத்திருக்கேன் சார்" என்ற பேச்சை நம்பியோ முடிவு செய்யக் கூடாது. கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் மொத்தச் செலவில் மிகச் சிறியது. சுவர் எடுக்கும் வேலை இருந்தால், என் கருத்தில், நாமே ஆள் வைத்துச் செய்யும் வழியை மறந்துவிடலாம்.

நாலரை அங்குலச் சுவரில் இன்னொரு எச்சரிக்கை: குழாய்க்கும் வயருக்கும் சுவரில் காடி (நீளமான பள்ளம்) வெட்டும்போது மேலிருந்து கீழாக வெட்டச் சொல்லுங்கள். குறுக்கே நீளமாக வெட்டினால் அந்தச் சுவரின் பலமே போய்விடும்.

படி 3: எந்த வேலை யாருடையது?

சில வேலைகளில் நாம் கை வைக்கலாம். பழைய கபோர்டைக் கழற்றுவது, சாமான்களைக் கட்டி வைப்பது, சுவரைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, அலமாரியில் கூடைகளைப் பொருத்துவது இவையெல்லாம் ஆர்வமும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் முடியும். பொருள் தேர்வும் வாங்குவதும் நம் வேலைதான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சில வேலைகளில் நாம் கையே வைக்கக் கூடாது.

கேஸ் அதில் முதலாவது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படிந்து தேங்கும். அதனால்தான் ஜன்னல் இருந்தாலும் போதாது. சிலிண்டர் இருக்கும் அறைக்குத் தரைமட்டத்தில் காற்றுப் போக வழி வேண்டும். புதிய சமையலறையில் அழகுக்காகச் சிலிண்டரை மூடிய கபோர்டுக்குள் வைத்துக் கதவை அடைப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. கதவின் அடிப்பகுதியில் ஜாலியோ துவாரமோ கட்டாயம் வேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாய் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா குழாயாக, ஒன்றரை மீட்டருக்கு மிகாமல், கண்ணுக்குத் தெரியும்படி போக வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிண்டரை வெளியே வைத்துச் செம்புக் குழாயில் கேஸ் கொண்டுவருவதென்றால் ஏஜென்சி வழியாகத்தான் செய்ய வேண்டும், கொத்தனார் கூட்டிவரும் ஆளிடம் விடக் கூடாது. கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906. புதிய சமையலறையின் சுவரில் முதலில் ஒட்ட வேண்டியது அதுதான்.

அடுத்தது மின்சாரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வீட்டுச் சமையலறைகள் மிக்ஸி, ஃபிரிட்ஜ், கிரைண்டர் இவற்றுக்காகப் போட்டவை. இன்று இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். கெட்டில் 1500 வாட், மைக்ரோவேவ் 1400 வாட் என்று வைத்துக்கொண்டால் மூன்றும் சேர்ந்து 4900 வாட், அதாவது 21 ஆம்பியருக்கு மேல். இவ்வளவும் ஒரே 2.5 சதுர மி.மீ. வயரில் வந்தால் எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருக்கும். "அடிக்கடி விழுது" என்று யாராவது பெரிய எம்.சி.பி. மாட்டிவிட்டால் அது விழாது, சுவருக்குள் வயர் சூடாகும். அதுதான் ஆபத்து. எனவே சமையலறைக்குக் குறைந்தது இரண்டு தனி 16 ஆம்பியர் லைன், ஃபிரிட்ஜுக்குத் தனியாக ஒன்று, எல்லாவற்றுக்கும் எர்த், போர்டில் மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இதற்கு லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் வேண்டும். கான்ட்ராக்டரிடம் கொடுத்தாலும் "உங்க எலெக்ட்ரீஷியனுக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று கேளுங்கள்.

படி 4: சேரும் இடங்களை எண்ணுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

எங்கள் சமையலறை வேலை முடிந்து இரண்டு மாதத்தில் சிங்க்குக்கு அந்தப் பக்கம், ஹால் சுவரில் ஈரம் தெரிந்தது. பிளம்பரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "நான் போட்ட ஜாயிண்ட்ல ஒண்ணுமில்ல சார், டைல்ஸ்காரர் டிரில் போடும்போது பைப்பை இடிச்சிருப்பார்" என்றார். டைல்ஸ் போட்டவரைக் கூப்பிட்டேன். "பைப்பே உள்ள ஆடிக்கிட்டு இருந்துச்சுண்ணே, அப்பவே சொன்னேன்" என்றார். இருவரும் திறமையானவர்கள். யார் சொன்னது சரி என்று இன்றுவரை தெரியாது. ஆறு டைல்ஸை உடைத்து, குழாயைச் சரிசெய்தோம். அதே நிறத்தில் டைல்ஸ் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அந்தப் பக்கச் சுவர் முழுவதையும் மாற்றினோம். முழுச் செலவும் எங்களுடையது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு தொழிலாளியின் வேலைக்குள் தவறு நடப்பது குறைவு. ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. குழாயும் டைல்ஸும் சேரும் இடம். வயரும் பூச்சும் சேரும் இடம். கிரானைட்டும் சிங்க்கும் சேரும் இடம். மேடையும் கபோர்டும் சேரும் இடம். கான்ட்ராக்டருக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்த இடங்களுக்குத்தான். அங்கே எது பழுதானாலும் கேட்பதற்கு ஒரே ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக.

எனவே உங்கள் பட்டியலை எடுத்து, இத்தகைய இடங்களை எண்ணுங்கள். மேடையும் குழாயும் அப்படியே, கபோர்டும் பெயின்ட்டும் மட்டும் மாறுகிறது என்றால் சேரும் இடம் ஒன்றோ இரண்டோதான். தைரியமாக நீங்களே ஆள் வைக்கலாம். மேடையை உடைத்து, குழாய், வயர், டைல்ஸ், கிரானைட், கபோர்டு, சிம்னி எல்லாம் புதிதாக வருகிறது என்றால் எட்டு, பத்து இடங்கள் வரும். அப்போது அந்த ஒவ்வொன்றிலும் நீங்கள் நேரில் நிற்க முடிந்தால் மட்டும் நீங்களே செய்யுங்கள். முடியாது என்றால் கொடுத்துவிடுங்கள். என் கணக்கில் ஐந்துதான் எல்லை.

படி 5: யார் நிற்கப் போகிறார்கள்?

முழுச் சமையலறை வேலை எந்த வரிசையில் நடக்கும் என்று தெரிந்தால்தான் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று தெரியும். பழையதை உடைத்து இடிபாட்டை அகற்ற இரண்டு நாள். குழாய்க்கும் வயருக்கும் காடி வெட்டிப் பதிக்க மூன்று நாள். சிம்னிக்குச் சுவரில் ஓட்டை போடுவதும் இப்போதே. அப்புறம் குழாயில் தண்ணீர் அழுத்தம் ஏற்றி ஓர் இரவு விட்டுப் பார்ப்பது. அதன் பிறகு பூச்சு, பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்றுவது. பின் மேடை, அதன்மேல் கிரானைட். கிரானைட் உட்கார்ந்த பிறகே சுவர் டைல்ஸ், அது கல்லின் மேல் வந்து நிற்க வேண்டும். தரை டைல்ஸ், அதற்கப்புறம் ஆசாரி, பெயின்டர், கடைசியாக சிங்க், குழாய், சிம்னி, லைட்.

எல்லாரும் சொன்ன நாளில் வந்தாலும் நாலு வாரம் ஆகும். சொன்ன நாளில் வருவதில்லை என்பதையும் சேர்த்து ஐந்து, ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் முழுநாள் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டிய நாட்கள் பத்துப் பன்னிரண்டு. ஓய்வு பெற்ற அப்பாவோ, வீட்டில் இருந்து வேலை பார்ப்பவரோ இருந்தால் இது முடியும். இருவரும் அலுவலகம் போகும் வீட்டில், காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு இரவு வந்து பார்த்து வேலை வாங்க முடியாது. அப்பாவே நிற்கிறார் என்றாலும் அவர் உடல்நிலையை யோசியுங்கள். கான்கிரீட் தூசியில் பத்து நாள் நிற்பது எளிதான காரியம் கிடையாது.

காலமும் பாருங்கள். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பூச்சு காயாது, ஈரத்தில் பிளைவுட்டும் கதவும் உப்பும். பொங்கல், தீபாவளியை ஒட்டி ஆட்கள் ஊருக்குப் போனால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். பிப்ரவரி, மார்ச் எனக்குப் பிடித்த மாதங்கள். தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவும் முடியாது, ஜூன், ஜூலை பாருங்கள்.

படி 6: விலை ஒப்பீடு

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். மூன்றும் மூன்று வேறு வேலைக்கு இருந்தால் ஒப்பிட்டுப் பயனில்லை. அதனால் பட்டியலை நீங்கள் தயாரித்து, விலையை மட்டும் அவர்கள் நிரப்பட்டும். ஒவ்வொரு வரியிலும் அளவு, பொருள், தரம் மூன்றும் இருக்க வேண்டும்.

பிளைவுட் என்று மட்டும் எழுதாதீர்கள். சமையலறைக்குத் தண்ணீரைத் தாங்கும் பி.டபிள்யூ.பி. தரம், ஐ.எஸ். 710 முத்திரையோடு, கபோர்டுப் பெட்டிக்கு 18 அல்லது 19 மி.மீ. என்று எழுதுங்கள். ஐ.எஸ். 710 பலகையைக் கொதிநீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதிப்பார்கள். சாதாரண எம்.ஆர். தரம் ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. தம்பி வீட்டில் கான்ட்ராக்டர் சொன்னது 19 மி.மீ., வந்தது 16. கதவுக்குக் கீல் போடும்போது விளிம்பை அளந்து பார்த்ததால்தான் தெரிந்தது. எழுத்தில் இருந்ததால் அவர் மறுக்க முடியவில்லை, மாற்றிக் கொடுத்தார். எழுத்தில் இல்லாமல் இருந்திருந்தால் அதுவே இருந்திருக்கும்.

மேடைக்குக் கீழே எல்லாமே மரமாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடப்பாக் கல்லோ ஃபெரோசிமென்ட் (கம்பி வலை வைத்து வார்த்த மெல்லிய சிமென்ட்) ஸ்லாபோ வைத்து, முன்னால் கதவு மட்டும் போட்டால் கரையானும் கிடையாது, சிங்க் கசிந்தாலும் கவலையில்லை. சிங்க்குக்குக் கீழாவது இப்படிச் செய்யுங்கள். நம் வீட்டுச் சமையலில் தண்ணீர்ப் புழக்கம் அதிகம், படத்தில் பார்க்கும் சமையலறைகளில் அது தெரியாது.

ஒப்பிடும்போது, நீங்களே செய்தால் ஆகும் செலவில் இவற்றையும் சேருங்கள்: நீங்கள் எடுக்கும் விடுப்பு, பொருள் ஏற்றி வரும் வண்டி வாடகை, இடிபாட்டை எடுத்துப்போகும் வண்டி, பத்து சதவீதம் கூடுதல் டைல்ஸ், வெளியே சாப்பிடும் செலவு, கடைசியாக, தவறு நடந்தால் திருத்துவதற்குப் பத்து சதவீதம். இதையெல்லாம் சேர்த்த பிறகும் கான்ட்ராக்டர் சொன்ன தொகைக்கும் உங்கள் கணக்குக்கும் பெரிய இடைவெளி இருந்தால் நீங்களே செய்வதில் பொருள் உண்டு. இடைவெளி சிறியதென்றால் கொடுத்துவிடுங்கள்.

கான்ட்ராக்டரிடம் கொடுப்பதென்றால்

அவர் போன மாதம் முடித்த வீட்டைப் பார்க்காதீர்கள், இரண்டு மழைக்காலம் கண்ட வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே சிங்க்குக்குக் கீழே கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வி: "வேலை முடிஞ்சப்புறம் ஏதாவது பிரச்சினைன்னு கூப்பிட்டீங்களா, வந்தாரா?" பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

ஒப்பந்தம் முத்திரைப் பத்திரமோ வெறும் தாளோ, இருவர் கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருள் பட்டியல், முடியும் தேதி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், பின்னால் பழுது வந்தால் எத்தனை மாதம் அவர் பொறுப்பு, இடையில் நாம் ஏதாவது கூட்டச் சொன்னால் அதன் விலை முதலில் எழுதித் தர வேண்டும் என்பது. பணம் தருவதில் என் வழக்கம்: அட்வான்ஸ் இருபது சதவீதத்துக்கு மேல் இல்லை, அப்புறம் முடிந்த வேலைக்குப் பின்னால்தான் பணம், முன்னால் கிடையாது. கடைசிப் பத்து சதவீதம், எல்லாம் முடிந்து பதினைந்து நாள் சமைத்துப் பார்த்த பிறகு. இதற்கு ஒப்புக்கொள்ளாதவர் பின்னால் பழுதுக்கு வருவார் என்று நான் நம்ப மாட்டேன்.

பில் வாங்குங்கள். வரி மிச்சம் என்று பில் இல்லாமல் கொடுத்துவிட்டால் பின்னால் சொல்வதற்கு ஆதாரம் இல்லாமல் போகும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதுவும் ஒரு சேவைதான். குறைபாடு இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். அந்த அளவுக்குப் போகாமல் முடிவதுதான் நல்லது, ஆனால் தாளும் பில்லும் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

நீங்களே செய்வதென்றால்

கொத்தனாரை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றவர்களை அவரே கூட்டிவந்தால், ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்தவர்கள் என்றால், அது பெரிய பலம். பிளம்பரும் டைல்ஸ்காரரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருந்தால் எங்கள் வீட்டில் நடந்தது நடந்திருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன். நாள் கூலியா, மொத்தமாகவா என்பதை வேலையைப் பார்த்துப் பேசுங்கள். உடைப்பது, டைல்ஸ் இவற்றுக்குச் சதுர அடிக் கணக்கோ மொத்தத் தொகையோ பொருந்தும். குழாய், வயரிங் போன்ற நிதானம் வேண்டிய வேலைக்கு அவசரப்படுத்தாத நாள் கூலி நல்லது. சனிக்கிழமை சம்பளத்தைத் தவறாமல் கொடுங்கள், மாலை ஐந்து மணிக்குள். இரண்டு வேளை டீயும் குடிக்கத் தண்ணீரும் நீங்கள் கேட்காமலே வைத்துவிடுங்கள். திங்கட்கிழமை ஆள் வருவது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

சோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். குழாயில் அழுத்தம் ஏற்றி ஓர் இரவு விட்டுப் பார்க்காமல் பூச்சுக்கு அனுமதிக்காதீர்கள். ரசமட்டத்தை மேடையில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பாருங்கள். தண்ணீர் சுவர்ப்பக்கம் ஓடினால் பின்னால் கண்ணீர்தான். டைல்ஸ் காய்ந்ததும் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள், உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறும். சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, கீழே விரித்த செய்தித்தாள் நனைகிறதா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், அது உடனே விழ வேண்டும்.

இடிபாட்டைத் தெருவோரம் கொட்டாதீர்கள். அகற்ற வேண்டிய பொறுப்பு நம்முடையது, மழை பெய்தால் அது அடைப்பதும் நம் தெருச் சாக்கடையைத்தான். அடுக்குமாடி என்றால் சங்கத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, எந்த நேரத்தில் டிரில் போடலாம், எந்த லிஃப்டில் மூட்டை ஏற்றலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஐந்து வாரம் எங்கே சமைப்பது என்பதையும் உடைப்பதற்கு முதல் நாளே முடிவு செய்யுங்கள். எங்களுக்குப் பின்பக்கத் துணி துவைக்கும் இடம் உதவியது: ஒரு மேசை, ஓர் இண்டக்ஷன், குக்கர், நாலு பாத்திரம். தூசி வராமல் இருக்க வாசலுக்குத் தார்ப்பாய் கட்டினோம்.

எந்த வழியாக இருந்தாலும் உங்கள் கையில் இருக்க வேண்டியவை

கல், டைல்ஸ், சிங்க், குழாய், பலகை இவற்றைத் தேர்ந்தெடுக்க நீங்களே கடைக்குப் போங்கள். கான்ட்ராக்டர் கூட்டிப்போகும் கடையோடு இன்னொரு கடையையும் பாருங்கள். கிரானைட்டைப் பட்டறையில் நேரில் பார்த்து, தண்ணீர் தெளித்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். டைல்ஸ் பெட்டிகளில் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் ஒரு பெட்டியை உடைக்காமல் பரணில் போட்டு வையுங்கள்.

அப்புறம், குழாயும் வயரும் பதித்து, பூச்சுப் போடுவதற்கு முன், நாலு சுவரையும் போனில் படம் எடுங்கள். அளவு தெரிய டேப்பைச் சுவரோடு பிடித்துக்கொண்டு எடுங்கள்: தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு. அந்தப் படங்களைப் போனோடு விடாமல் பிரிண்ட் எடுத்து மின்சாரப் போர்டுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். பத்து வருடம் கழித்து யாராவது ஓர் அலமாரி மாட்ட அந்தச் சுவரில் டிரில் வைப்பார், அவருக்குக் குழாய் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.